கடல் கடந்த மருத்துவக் கல்வி: கட்டணக் கணக்கும் வார்டுக் கணக்கும்

மருத்துவம் படிக்க இந்தியர்கள் கடல் கடந்த வரலாறு 1845இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மார்ச் மாதம் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நால்வர் தங்கள் பேராசிரியர் குடீவுடன் லண்டனுக்குக் கப்பலேறினார்கள். போலாநாத் போஸ், கோபால் சந்திர சீல், துவாரகாநாத் போஸ், சூர்ய குமார் சக்ரவர்த்தி என்ற அந்த நால்வரில் இருவருடைய செலவை வங்கத்துப் பெருவணிகர் துவாரகாநாத் தாகூர் ஏற்றுக்கொண்டார். ஒருவருக்குக் குடீவ் தாமே பணம் கொடுத்தார். நான்காமவருக்காக நிதி திரட்டப்பட்டது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் படிக்கச் சென்ற இந்த மாணவர்களில் எவருடைய குடும்பமும் முழுச் செலவைத் தாங்கும் நிலையில் இல்லை என்பதை இந்த ஏற்பாடே காட்டிவிடுகிறது. வெளிநாட்டு மருத்துவப் படிப்பில் ‘யார் பணம் கட்டுவது’ என்ற கேள்வி முதல் கப்பலிலேயே ஏறிவிட்டது.

கல்கத்தாவிலும் சென்னையிலும் 1835 முதலே மேல்நாட்டு மருத்துவம் கற்பிக்கப்பட்டது. பிறகு எதற்கு லண்டன்? பதவிக்காக. அரசு மருத்துவத் துறையின் உயர் பணியிடங்கள் ஐரோப்பியர்களுக்கே போயின. இந்திய மருத்துவப் பணிக்கு 1855இல் போட்டித் தேர்வு வந்தது. அதில் தேறிய முதல் இந்தியர் முன்சொன்ன நால்வரில் ஒருவரான சக்ரவர்த்திதான். ஆனால் அந்தத் தேர்வு லண்டனில் மட்டுமே நடந்தது. கப்பல் கட்டணம், குளிர்நாட்டில் தங்கும் செலவு, திரும்பி வந்தபின் கடல் தாண்டிய குற்றத்துக்காக உறவினர் ஒதுக்கிவைக்கும் ஆபத்து ஆகிய எல்லாவற்றையும் தாங்கக்கூடியவர்களுக்கே அந்தக் கதவு திறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எடின்பரோ இந்தியர்களின் முக்கியமான படிப்பிடமாயிற்று. நீதிக்கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான டி. எம். நாயர் அங்கே பட்டம் பெற்றவர். இந்தியாவில் எல்.எம்.பி. எனப்பட்ட குறுகியகாலச் சான்றிதழ் படிப்பை முடித்தவர்களுக்கு உள்நாட்டில் முழுப் பட்டத்துக்கான வழி எளிதாக இல்லை. ஸ்காட்லாந்தின் மூன்று மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 1884 முதல் நடத்திய கூட்டுத் தகுதித் தேர்வு அவர்களுக்குக் கைகொடுத்தது. பல்கலைக்கழகத்தில் முழுநேரம் சேராமலே, ஏற்கெனவே பெற்ற பயிற்சியைக் கணக்கில் காட்டி, ஓரிரு ஆண்டில் எழுதி முடிக்கக்கூடிய தேர்வு அது. செலவு குறைவு, காலம் குறைவு, பெயருக்குப் பின்னால் பிரிட்டிஷ் எழுத்துகள். பர்மாவில் பணியாற்றிவிட்டு லண்டனுக்குப் படிக்கப் போன ஸ்ரீரங்கத்து டாக்டர் தி. சே. சௌ. ராஜன், அங்கே இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய இந்தியா ஹவுஸில் வ. வே. சு. ஐயருடன் பழகித் தேசிய இயக்கத்துக்குள் வந்தார். படிக்கப் போன இடம் பாடத்தை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை.

பெண்களைப் பொறுத்தவரை வேறொரு தடை இருந்தது. வகுப்பறை கிடைத்தாலும் வார்டு கிடைக்கவில்லை. 1874இல் தொடங்கிய லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளி முதல் மூன்று ஆண்டுகள் இந்தத் தவிப்பிலேயே கழிந்தது. விரிவுரை நடத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். மாணவியரை நோயாளிகளின் அருகே அனுமதிக்கும் மருத்துவமனை ஒன்றும் இல்லை. 1877இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனை தன் வார்டுகளைத் திறந்துவிட்ட பிறகே அது உண்மையில் மருத்துவக் கல்லூரியானது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப் இங்கே படித்து முடித்து, 1878இல் லண்டன் சென்று, அந்தப் பள்ளியில் பட்டம் பெற்றுத் திரும்பினார். சென்னையில் கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை 1885இல் உருவாவதற்கு அவரே காரணம். இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை அதுதான். பின்னாளில் ருக்மாபாயும் லண்டனின் இதே பள்ளியில் படித்து 1894இல் தேறினார். அமெரிக்காவுக்குச் சென்ற ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். கோலாப்பூர் மருத்துவமனையின் பெண்கள் வார்டுக்குப் பொறுப்பாளராக அவருக்கு நியமனமும் கிடைத்தது. ஆனால் காசநோயோடு ஊர் திரும்பிய அவர் 1887 பிப்ரவரியில் இறந்துபோனார். வயது 21. வெளிநாட்டுப் படிப்பின் விலையைப் பணத்தால் மட்டும் எழுதிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் நடந்த ஒரு வழக்காடலைப் புரிந்துகொண்டால் பின்னால் நடந்தவை எல்லாம் தெளிவாகும். இந்திய மருத்துவப் பட்டங்களைப் பிரிட்டனில் செல்லுபடியாக்குவதா என்று முடிவு செய்யும் அதிகாரம் லண்டனில் இருந்த பொது மருத்துவ மன்றத்தின் கையில் இருந்தது. அந்த மன்றம் இந்தியக் கல்லூரிகள்மீது சொன்ன முக்கியமான குறை பாடத்திட்டத்தைப் பற்றியதல்ல. பிரசவப் பயிற்சியைப் பற்றியது. ஒவ்வொரு மாணவரும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிரசவங்களைத் தாமே பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. இந்தியப் பெண்களோ வீட்டிலேயே, மருத்துவச்சியின் கையால் பிள்ளை பெற்றார்கள். ஆண் மாணவர் அருகே நிற்பதை எந்தக் குடும்பமும் ஏற்கவில்லை. சென்னை மாணவர்களுக்கு 1844 முதல் இயங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை இருந்தது. எல்லாக் கல்லூரிக்கும் அப்படி ஒன்று வாய்க்கவில்லை. மன்றம் பார்வையாளர்களை அனுப்பியது, எச்சரித்தது, கடைசியில் 1930இல் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை நிறுத்தியது. அதில் ஏகாதிபத்திய மேட்டிமை கலந்திருந்ததை இந்திய மருத்துவர்கள் அன்றே கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது. ஆனாலும் மன்றம் கேட்ட கேள்வி பொய்யான கேள்வி அல்ல. எத்தனை நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தாய் என்று கேட்காமல் ஒரு மருத்துவரை மதிப்பிட வேறு வழி இல்லை. சொந்தத் தரத்தைத் தானே வகுத்துக்கொள்ள இந்தியாவுக்கு ஓர் அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கை இந்தச் சண்டையில் வலுத்தது. அதன் பயனாக 1933இல் இந்திய மருத்துவ மன்றச் சட்டம் வந்தது. தீர்ப்புக் கேட்டு நின்ற நாடு தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கு நகர்ந்தது அப்போதுதான்.

விடுதலைக்குப் பிறகு, போர் (Bhore) குழு எனப்பட்ட நலவாழ்வுக் குழுவின் 1946ஆம் ஆண்டு அறிக்கையைத் தழுவி எல்.எம்.பி. படிப்பு கைவிடப்பட்டது, எம்.பி.பி.எஸ். ஒன்றே அடிப்படைத் தகுதியாயிற்று. அரசுக் கல்லூரிகள் பெருகின, கட்டணம் மிகக் குறைவாக இருந்தது. அடிப்படைப் பட்டத்துக்காக வெளிநாடு போக வேண்டிய தேவை ஏறக்குறைய மறைந்தது. போனவர்கள் மேற்படிப்புக்காகப் போனார்கள். பிரிட்டனின் தேசிய நலவாழ்வுப் பணி அவர்களை வேலைக்கும் எடுத்துக்கொண்டது. 1975இல் பிரிட்டன் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை மறுபடி விலக்கித் தகுதித் தேர்வு ஒன்றைக் கொண்டுவந்தது.

அதற்குள் இன்னொரு திசை திறந்திருந்தது. 1960 பிப்ரவரியில் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க இளைஞர்களுக்கு இலவசக் கல்வி தருவது அதன் நோக்கம். அடுத்த ஆண்டு கொல்லப்பட்ட காங்கோ தலைவர் பத்ரிஸ் லுமும்பாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கல்வி இலவசம், விடுதி இருந்தது, மாத உதவித்தொகையும் உண்டு. நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் சோவியத் நூல்களை வாசித்து வளர்ந்த தமிழ்நாட்டு வீடுகளுக்கு மாஸ்கோ அந்நியமான பெயராக இல்லை. அப்படிச் சென்ற மாணவர் முதல் ஓராண்டு ஆயத்தத் துறையில் ரஷ்ய மொழி மட்டுமே படித்தார். பிறகு ஆறாண்டு மருத்துவம். கோடை விடுமுறைகளில் முதலில் வார்டு உதவியாளராகவும் பிறகு செவிலியராகவும் அதன்பின் மருத்துவரின் கையாளாகவும் மருத்துவமனையில் வேலை செய்வது கட்டாயம். மேல் வகுப்புகளில் ஒவ்வொரு துறையாகச் சுற்றிவரும் பயிற்சி. தேர்வு பெரும்பாலும் வாய்மொழி: வினாச் சீட்டை எடுத்து, ஆயத்தம் செய்து, பேராசிரியரின் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். மொழி தெரியாதவர் இந்த முறையில் ஒரு நாளும் தாக்குப்பிடிக்க முடியாது. பட்டத்தோடு வந்தவர் நோயாளியிடம் ரஷ்ய மொழியில் நோயின் கதையைக் கேட்டு எழுதிப் பழகியவராகவே வந்தார். இங்கே திரும்பியதும் அவர் செய்ய வேண்டியிருந்தது அதே வேலையைத் தாய்மொழியில் செய்வது மட்டுமே.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் இந்த ஏற்பாடு தலைகீழானது. அரசின் பணம் வறண்ட பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரிடம் டாலரில் கட்டணம் வாங்கத் தொடங்கின. அந்த டாலர் கட்டணம்கூட இந்தியத் தனியார் கல்லூரிகளின் முன் சிறியதாகத் தெரிந்தது. மணிப்பாலில் 1953இல் தொடங்கிய தனியார் மருத்துவக் கல்லூரி முறை, தென்மாநிலங்களில் எண்பதுகளில் நன்கொடை என்ற பெயரில் பெருந்தொகை வாங்கும் வழக்கமாக வளர்ந்திருந்தது. உச்ச நீதிமன்றம் 1992இலும் 1993இலும் இதைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. தொகை வேறு பெயர்களில் நின்றது. அரசு இடம் கிடைக்காத, தனியார் இடம் வாங்க முடியாத நடுத்தரக் குடும்பத்துக்கு ரஷ்யாவும் உக்ரைனும் கண்ணில் பட்டது அப்போதுதான். ஏஜென்டுகள் முளைத்தார்கள். சென்னை கஸ்தூரி ரங்கன் சாலையிலுள்ள ரஷ்யக் கலாச்சார மையத்தில் கல்விக் கண்காட்சி ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்வாயிற்று.

இந்தக் காலத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றம் அன்று பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதன் விளைவே பெரியது. குர்ஸ்க் போன்ற நகரங்களின் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவருக்கு ஆங்கில வழி வகுப்புகளைத் தொடங்கின. ஆயத்த ஆண்டு தேவையில்லை என்றாயிற்று. ஓராண்டு மிச்சம், ஓராண்டுச் செலவும் மிச்சம். விளம்பரங்களுக்கு இது பெரிய ஈர்ப்பு. உண்மையில் கழிக்கப்பட்டது நோயாளியின் மொழி. முதல் மூன்றாண்டுகளின் உடற்கூறும் உடலியங்கியலும் ஆங்கிலத்தில் ஓடிவிடும். நான்காம் ஆண்டு வார்டுக்குள் நுழைந்ததும் படுக்கையில் இருப்பவர் ஆங்கிலம் பேசமாட்டார். ரஷ்ய மொழியை இடையிடையே பாடமாகப் படித்த மாணவர் வணக்கம் சொல்லலாம், விலை கேட்கலாம். வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது என்று விசாரித்து நோயறியும் அளவுக்கு அந்தப் பாடம் போதாது. ஆசிரியர் நோயாளியிடம் பேசி, மாணவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வார். பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு நகர்வார்கள். பயிற்சி பார்வையாகச் சுருங்கியது. விடாமுயற்சியோடு மொழியைக் கற்று, இரவுப் பணிக்குத் தாமாகவே சென்று தேறியவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அமைப்பு அதைக் கட்டாயமாக்கவில்லை என்பதே குறை.

தொண்ணூறுகளின் இறுதியில் திரும்பி வந்த பட்டதாரிகளைப் பதிவு செய்ய இந்திய மருத்துவ மன்றம் தயங்கியது. சிலர் குறைந்தபட்சக் கல்வித் தகுதி இல்லாமலே சேர்ந்திருந்தார்கள். சிலர் படிப்பின் ஒரு பகுதியை அங்கீகாரமில்லாத நிறுவனத்தில் கழித்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001இல் சட்டம் திருத்தப்பட்டு, 2002 முதல் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு நடைமுறைக்கு வந்தது. எஃப்.எம்.ஜி.இ. என்று மாணவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்தத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது: 300 கேள்விகள், தேர்ச்சிக்கு 150 மதிப்பெண். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனாலும் பெரும்பாலான ஆண்டுகளில் தேர்ச்சி விழுக்காடு பத்துக்கும் முப்பதுக்கும் இடையிலேயே நின்றது. இந்தத் தேர்வைக் கொள்குறி வினாக்களால் மட்டும் நடத்துவது சரியா என்ற விவாதம் நியாயமானது. காகிதத்தில் குறியிடுவது கைப்பயிற்சியை அளக்காது. 1930இல் லண்டன் இந்தியாவிடம் கேட்டதை இந்தியா இப்போது வேறு நாடுகளிடம் கேட்கத் தொடங்கியது என்ற வகையில், வரலாற்றில் இது முக்கியமான திருப்பம்.

இலங்கையிலும் இதற்கிணையான பாதை உண்டு. வெளிநாட்டுப் பட்டதாரிகள் அங்கே எழுத வேண்டிய பதிவுத் தேர்வு நீண்ட காலம் ‘ஆக்ட் 16’ என்றே பேச்சில் வழங்கியது. மலேசியாவில் 1997இல் வேறு வழி முயன்றார்கள். மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் முதல் பாதியை இந்தியாவின் மணிப்பாலில் படித்தார்கள். வார்டுப் பயிற்சி தொடங்கும் இரண்டாம் பாதிக்கு மலாக்கா திரும்பினார்கள். விரிவுரையை எங்கும் கேட்கலாம், நோயாளியை மட்டும் சொந்த நாட்டில் சந்திக்க வேண்டும் என்ற தெளிவு அந்தத் திட்டத்தில் இருந்தது. இந்திய மாணவர்களுக்கு அப்படி ஒன்றை யாரும் வகுக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் சீனா முன்னால் வந்தது. புதிய கட்டடங்கள், பெரிய மருத்துவமனைகள், குறைந்த கட்டணம். ஆங்கில வழியில் வெளிநாட்டவரைச் சேர்க்கும் கல்லூரிகளுக்குச் சீனக் கல்வி அமைச்சகம் 2007இல் தர விதிகள் வகுத்து, 30 கல்லூரிகளை மட்டும் பட்டியலிட்டது. பட்டியல் பின்னர் நீண்டது. வார்டுக்குப் போகும் முன் சீன மொழித் தேர்வில் குறிப்பிட்ட நிலையை எட்ட வேண்டும் என்று பல கல்லூரிகள் வற்புறுத்தத் தொடங்கியதும், ரஷ்யாவில் கழிக்கப்பட்ட மொழி இங்கே பாதியேனும் திரும்பி வந்தது. பிலிப்பைன்ஸ் இன்னொரு விதம். அங்கே பாடம், நோயாளிக் குறிப்பேடு, பேராசிரியரின் பேச்சு எல்லாம் ஆங்கிலம். டெங்குவும் காசநோயும் வார்டில் சாதாரணம். தட்பவெப்பமும் நோய்களும் தமிழ்நாட்டை ஒத்தவை. தாவோ நகரத்துக்குத் தமிழ் மாணவர்கள் திரளாகச் சென்றதற்கு இதுவும் காரணம். ஆனால் அங்கே மருத்துவம் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகான நான்காண்டுப் படிப்பு. அந்த நான்காண்டுக் கணக்கு பின்னால் இடித்தது.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் தந்த முறை 2017இல் நீட் தேர்வால் மாறியது. வெளிநாட்டில் சேரவும் நீட் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2018இல் வந்தது. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்கள். தனியார் கல்லூரியில் முழுப் படிப்புக்கு அரைக் கோடியிலிருந்து ஒரு கோடிக்கு மேல். இரண்டுக்கும் நடுவே இருபது முப்பது லட்சத்தில் வெளிநாடு. தேர்வில் தேறியும் அரசு இடத்துக்கு மதிப்பெண் போதாத குடும்பங்கள் இந்த நடுத்தொகையை நோக்கியே நகர்ந்தன. ஏஜென்ட் சொன்ன தொகை முதலாண்டின் டாலர் மதிப்பில் போட்ட தொகை. 2016இல் 67 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2022இல் 80 ரூபாயைத் தாண்டியது. கட்டணம் உயராவிட்டாலும் கடன் உயர்ந்தது. தகுதித் தேர்வுக்கான கோச்சிங், அதில் தவறினால் சம்பளமின்றிக் கழியும் ஆண்டுகள், இங்கே திரும்பி வந்து செய்யும் பயிற்சி மருத்துவக் காலம் ஆகியவை எந்த விளம்பரத் தாளிலும் அச்சாகவில்லை. ‘மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் பெற்றது’ என்ற வாசகமோ தாராளமாக அச்சானது. உலக மருத்துவக் கல்லூரிகளின் அடைவு நூலில் பெயர் இருப்பது தரச் சான்று அல்ல. வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு ஒப்புதல் பட்டியல் எதையும் தான் வைத்திருக்கவில்லை என்று, மருத்துவ மன்றத்தின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையமே அறிவிக்க வேண்டியிருந்தது.

2020 தொடக்கத்தில் பெருந்தொற்றால் சீனா எல்லையை மூடியது. விடுமுறைக்கு ஊர் வந்த மாணவர்கள் இரண்டரை ஆண்டுகள் திரும்ப முடியவில்லை. கைபேசித் திரையில் அறுவை சிகிச்சையைப் படித்தவர்களின் பயிற்சியை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி எழுந்தது. 2021 நவம்பர் 18 அன்று ஆணையம் வெளியிட்ட விதிகள் முதன்முறையாக வார்டுக் கணக்கைச் சட்டத்தின் மொழியில் எழுதின. படிப்பு குறைந்தது 54 மாதங்கள், ஒரே நிறுவனத்தில், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி மருத்துவக் காலம். இந்தியா திரும்பியதும் இன்னொரு 12 மாதம். படித்த நாட்டில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு இணையாக மருத்துவம் பார்க்கப் பதிவுபெறும் தகுதியும் வேண்டும். பிலிப்பைன்ஸின் நான்காண்டுப் படிப்பு 48 மாதம்தான் என்பதால் அங்கே சேரவிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். கடைசி நிபந்தனை எல்லாவற்றிலும் கூர்மையானது. சொந்த மக்களுக்குச் சிகிச்சை செய்ய ஒரு நாடு அனுமதிக்காத பட்டதாரியை, வெளியூர் நோயாளிகளிடம் அனுப்பிவைக்க மட்டும் அந்நாடு தயாரிக்கிறது என்றால், அந்தப் படிப்பில் எதைப் படிப்பித்தார்கள் என்று கேட்பது சரியே.

விதிகள் வந்து மூன்று மாதத்தில், 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைனில் போர் தொடங்கியது. கார்கிவ், சுமி நகரங்களின் நிலத்தடி அறைகளிலிருந்து எல்லை நோக்கி நடந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். சுமார் 22,500 இந்தியர்கள் தாயகம் திரும்பினார்கள். தமிழ்நாட்டு மாணவர்கள் மட்டும் இரண்டாயிரம் பேருக்கு அருகில். உள்நாட்டுக் கல்லூரிகளில் அவர்களைச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று ஒன்றிய அரசு கூறியது. வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறிப் படிப்பைத் தொடர 2022 செப்டம்பரில் ஆணையம் இசைந்தது. இறுதியாண்டை இணைய வழியில் முடித்தவர்கள் எந்த இந்தியக் கல்லூரியிலும் சேராமலே எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வை எழுதலாம் என்ற ஏற்பாட்டை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. விடுபட்ட வார்டு நாட்களுக்கு ஈடாக அவர்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி மருத்துவக் காலம் விதிக்கப்பட்டது.

திரும்பி வந்தவர்கள் இங்கே செய்ய வேண்டிய பயிற்சிக்கு அதற்கு முன்பிருந்தே இடம் தேட வேண்டியிருந்தது. ஹவுஸ் சர்ஜனாகச் சேர அரசு மருத்துவமனைகளில் வரிசை நீண்டது. பல இடங்களில் பயிற்சிக்கு வருபவர்களே லட்சக்கணக்கில் கட்டணம் செலுத்தினார்கள். 2022 மார்ச் மாதச் சுற்றறிக்கையில் ஆணையம், ஒவ்வொரு கல்லூரியும் தன் இடங்களில் கூடுதலாக 7.5 விழுக்காடு வரை வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு ஒதுக்கலாம், அவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது, உள்நாட்டுப் பட்டதாரிகளுக்குத் தரும் உதவித்தொகையை அவர்களுக்கும் தர வேண்டும் என்று அறிவித்தது. தமிழ்நாடு அரசும் அதே ஆண்டில், தான் வாங்கிவந்த கட்டணத்தைப் பெருமளவு குறைத்தது.